குறட்டைக்குப் பல் டாக்டரிடம் என்ன வேலை?

டீ சூடாகத்தான் இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் ஒரு காரியம் செய்து பாருங்கள். வேண்டுமென்றே ஒரு குறட்டை விடுங்கள். கூச்சம் வேண்டாம், இங்கே யாரும் இல்லை. வந்ததா? இப்போது கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வரும்படி தாடையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதே குறட்டையை விடப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வராது, வந்தாலும் பாதிச் சத்தம்தான் வரும். பல் டாக்டர்கள் குறட்டைக்குப் பார்க்கிற வைத்தியம் முழுக்க இந்த ஓர் அசைவில் அடங்கியிருக்கிறது. இதைத் தூங்குகிறவருக்குத் தெரியாமல் ராத்திரி முழுக்க எப்படிச் செய்யவைப்பது, யாருக்குச் செய்யவே கூடாது என்பதுதான் மிச்சக் கதை.

தாடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மூக்கைச் சுற்றி எலும்பு இருக்கிறது. கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் திறந்து பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில், உள்நாக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரைக்குமான தொண்டைக்கு மட்டும் அப்படியொரு தாங்கல் இல்லை. சோறு விழுங்கவும் பேசவும் சுருங்கி விரிய வேண்டிய இடம், அதனால் அது வெறும் தசை. விழித்திருக்கும்போது அந்தத் தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கினால் தளர்ந்துவிடுகின்றன. மல்லாந்து படுத்தவருக்கு நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரியும். குறுகிப்போன வழியில் காற்றை இழுத்தால் சுவர்களும் சேர்ந்து உள்ளே இழுபடும். இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா ஊறிப்போன பிறகு உறிஞ்சிப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அப்படித் தொங்கும் சதை காற்றில் அதிர்கிற சத்தம் குறட்டை. சுவர்கள் முழுக்க ஒட்டிக்கொண்டால் காற்றே போகாது, சத்தமும் வராது. அதுதான் ஸ்லீப் ஆப்னியா.

நாக்கை மோவாயின் உட்புற எலும்பில் கட்டிவைத்திருக்கிற தசை ஒன்று உண்டு. தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வந்தாக வேண்டும். நாக்கோடு மெல்லண்ணமும் தொண்டையின் பக்கச் சுவர்களும் பிணைந்திருப்பதால் அவையும் இழுபடுகின்றன. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொண்டை முன்பின்னாக விரிவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் விரிகிறது. மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது பழைய சங்கதி. மயங்கிக் கிடப்பவரின் மூச்சு அடைத்தால் அவர்கள் முதலில் செய்வது, காதுக்குக் கீழே தாடையின் மூலையில் விரல் கொடுத்து முன்னே தூக்குவது. குளோரோஃபார்ம் காலத்திலேயே, 1870களில், ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். பியேர் ரோபென் என்ற பிரெஞ்சு வாய் மருத்துவர், பிறவியிலேயே தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழுந்து மூச்சு முட்டும் குழந்தைகளைப் பற்றி 1923இல் எழுதினார். தாடையை முன்னுக்குக் கொண்டுவர வாய்க்குள் வைக்கும் ஒரு கருவியையும் அவர் பயன்படுத்தினார். இன்று குறட்டைக்காரர்களுக்கு நாங்கள் கொடுக்கிற பிளேட்டுக்கு அதுதான் பாட்டன்.

எங்கள் பக்கம் லாரித் தொழில் அதிகம். நாமக்கல் வண்டி ஓடாத சாலை இந்தியாவில் கிடையாது என்று பெருமையாகச் சொல்வோம். அப்படி ஓட்டுகிற ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்தார். வந்தது கடைவாய்ப்பல் வலிக்கு. பேச்சு எங்கெங்கோ போய்க் குறட்டையில் வந்து நின்றது.

"குறட்டை விடறப்ப எனக்குப் பயமே இல்லீங்க டாக்டர். நிக்குது பாருங்க, அப்பத்தானுங்க பயம். எந்திரிச்சு உக்காந்து மூக்குல கைய வெச்சுப் பாப்பனுங்க. தட்டி எழுப்புனா, 'என்ன புள்ள, தூங்க உட மாட்டீங்கற'ன்னு என்னயத்தான் ஏசுவாருங்க."

மருத்துவப் புத்தகத்தில் பத்துப் பக்கத்தில் இருப்பதை அந்த அம்மா நாலு வரியில் சொல்லிவிட்டார். சத்தம் ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பும். பெரிய திணறலோடு தொண்டை திறக்கும், மறுபடி குறட்டை தொடங்கும். எழுந்தது தூங்குகிறவருக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று சத்தியம் பண்ணுவார். ஆனால் காலையில் தலை கனக்கும், வாய் வறண்டிருக்கும், ராத்திரியில் சிறுநீருக்கு நாலைந்து தடவை எழுந்திருப்பார். டோல்கேட் வரிசையில் வண்டி நிற்கிற அரை நிமிடத்தில் கண் சொருகும். மாத்திரை மேல் மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர்களில் கணிசமானவர்களுக்கு அடியில் இந்த நோய் இருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இதோடு கைகோத்து வரும்.

நோயை எண்ணால் அளக்கிறார்கள். தூக்கத்தில் பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு தடை. முழுக்க நிற்காமல் கணிசமாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்கினால் அதுவும் கணக்கில் சேரும். மணிக்கு எத்தனை தடை என்பதே ஏ.எச்.ஐ. எண். ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ உங்கள் கழுத்தைப் பிடித்துவிட்டு விடுகிறார்கள் என்று பொருள். 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுக்க 90 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த எண் ஐந்தைத் தாண்டியிருக்கும் என்று 2019இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். தாடை சிறுத்தவர்கள், மோவாய் உள்வாங்கியவர்கள் ஒல்லியாக இருந்தாலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இது வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம்.

கோவிட் நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது, விரலில் மாட்டினால் 98 காட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். விழித்திருக்கிறவருக்கு 98தான் காட்டும். கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு எவ்வளவு என்பது. அதற்குத்தான் தூக்கப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கித் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் வயர் ஒட்டிக்கொண்டு படுப்பது ஒரு வகை. மூக்கில் சின்னக் குழாய், நெஞ்சில் ஒரு பட்டி, விரலில் கிளிப் என்று வீட்டிலேயே படுப்பது இன்னொரு வகை. இதைப் படித்து நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் தூக்கம் பார்க்கிற மருத்துவர். நுரையீரல் டாக்டராகவோ ஈ.என்.டி. டாக்டராகவோ அவர் இருக்கலாம். பல் டாக்டர் இல்லை. எங்கள் ஆட்களில் சிலர் வாயைத் திறந்து பார்த்ததுமே பிளேட்டுக்கு அளவு எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

அதற்காக வாயில் ஒன்றும் தெரியாது என்றில்லை. நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு வரிசையாகப் பதிந்திருக்கும். சிலருக்குப் பல் தேய்ந்து மட்டமாகியிருக்கும். அண்ணம் குறுகி உயர்ந்திருக்கும். நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கே கண்ணில் படாது. இந்தக் கடைசிப் பார்வைக்கு மல்லம்பட்டி வகுப்பு என்று பெயர். ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போய் பாஸ்டனில் வேலை பார்த்த மயக்க மருந்து டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் எழுதியது. யாருக்குத் தொண்டையில் குழாய் இறக்குவது கஷ்டம் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க அவர் வகுத்ததைத் தூக்க மருத்துவர்கள் பிற்பாடு இரவல் வாங்கிக்கொண்டார்கள். சட்டைக் காலர் அளவையும் கேட்பேன். கழுத்து பதினாறு, பதினேழு அங்குலம் என்றால் காது கூர்மையாகும். இவையெல்லாம் சந்தேகம் கிளப்புவதற்குத்தான். எண்ணைச் சொல்வது அந்த ஒரு ராத்திரி மட்டும்.

லாரிக்காரருக்கு எண் நடுத்தர வரிசையில் வந்தது. முதல் வைத்தியமாக எல்லா டாக்டரும் சொல்வது சிபாப் மெஷின். 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் தொடங்கியது. வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப்போட்டு, காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவைத்து, மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையைக் காற்றழுத்தத்தாலேயே திறந்து பிடித்தார். போட்ட அன்றைக்கே தடைகள் நின்றன. இன்றைக்கும் இதற்கு மிஞ்சிய வைத்தியம் கிடையாது, கடுமையான நோய்க்கு நான் வேறு எதையும் சொல்லவும் மாட்டேன். சிக்கல், போட்டுக்கொண்டு தூங்குவதில்தான். முகமூடி அழுத்தும், மூக்கு வறளும், பக்கத்தில் படுப்பவருக்கு இரைச்சல். நம் மனிதருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. மாதத்தில் பாதி ராத்திரி வண்டி கேபினில்தான் தூக்கம். "வண்டியில கரண்டுக்கு எங்கீங்க போறது?" என்றார். பேட்டரியில் ஓடும் மெஷின்கள் இருக்கின்றன, விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றினார்.

இங்கே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எண் 30 என்று வையுங்கள். சிபாப் அதை 2க்கு இறக்குகிறது. ஆனால் நாலு மணி நேரத்தில் முகமூடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். மீதி நாலு மணி நேரம் மறுபடி 30. ராத்திரி முழுக்கச் சராசரி 16. பிளேட் அவ்வளவு வல்லமை உள்ளதில்லை. எண்ணை 12க்குத்தான் இறக்குகிறது என்று வைப்போம். ஆனால் ஏழு மணி நேரம் வாயிலேயே இருக்கிறது. சராசரி 14 சொச்சம். வல்லமை குறைந்தது சற்றே ஜெயித்துவிட்டது. எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை, ஆனால் விஷயம் நிஜம். அதே சிட்னியில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரே ஆட்களுக்கு ஒரு மாதம் மெஷின், ஒரு மாதம் பிளேட் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தடைகளைக் குறைத்ததில் மெஷின் முந்தியது. போட்டுக்கொண்ட நேரத்தில் பிளேட் முந்தியது. பகல் தூக்கம், சிமுலேட்டரில் வண்டி ஓட்டும் திறன் இவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றன. அமெரிக்காவின் தூக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: சிபாப் ஒத்துக்கொள்ளாதவரை, அல்லது வேறு வழி கேட்பவரை, வைத்தியமே இல்லாமல் விடுவதைவிடப் பிளேட் கொடுங்கள். அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததாக, தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

அளவெடுப்பதில் பாதி, பல் செட் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரிந்ததுதான். மாவு குழைத்து டிரேயில் வைத்து மேலும் கீழும் அச்சு எடுப்போம். வசதி உள்ள இடங்களில் பேனா மாதிரி ஸ்கேனரை வாய்க்குள் ஓட்டிப் படமாகவே எடுத்துவிடுகிறார்கள். அடுத்ததுதான் சூட்சுமம். முன்பற்களுக்கு நடுவே மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு சின்னக் கவ்வியை வைத்து, "தாடையை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ இழுங்க" என்போம். பிறகு "எவ்வளவு முன்னால் வருமோ நீட்டுங்க." இரண்டுக்கும் நடுவே பத்து மில்லிமீட்டர் இருந்தால் நல்ல வீச்சு. லாரிக்காரர் தாடையை நீட்டியபோது பக்கத்தில் இருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முழு வீச்சுக்குப் போகக் கூடாது. பாதியில், சிலருக்குப் பாதிக்குச் சற்று மேலே, கவ்வியை நிறுத்தி, அந்தக் கடியை அப்படியே ரப்பர்ப் பசையில் பதிவு செய்து லேபுக்கு அனுப்புவோம்.

திரும்பி வருவது அக்ரிலிக்கில் இரண்டு தட்டுகள், மேல் பற்களுக்கு ஒன்று, கீழ்ப் பற்களுக்கு ஒன்று. பக்கத்தில் திருகோ, துடுப்புப் போன்ற மேடோ, பட்டையோ இரண்டையும் இணைக்கும். திருகைச் சாவியால் திருப்பினால் கால், அரை மில்லிமீட்டராகக் கீழ்த்தட்டு முன்னே போகும். ஒரு வாரம் போட்டுத் தூங்கு, குறட்டை இருக்கிறதா, கொஞ்சம் திருப்பு, தாடை வலிக்கிறதா, நிறுத்து, பழகிய பிறகு திருப்பு. இப்படி வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் போகும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முன்னே இழுத்தவர்கள் காதுப்பக்க மூட்டு வலியெடுத்துப் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

முதல் வாரம் எச்சில் வழியும். தலையணை நனையும். பற்கள் இறுகிய மாதிரி இருக்கும். எல்லாரையும் பயமுறுத்துவது காலையில் நடப்பதுதான்: பிளேட்டைக் கழற்றி வாயை மூடினால் முன்பல் முட்டுகிறது, கடைவாய்ப்பல் சேரவே இல்லை. தாடை இரவு முழுக்க நின்ற இடத்தை விட்டு வரவில்லை, அவ்வளவுதான். பல் தேய்த்து, பொறுமையாகக் கடைவாயில் கடித்துக் கடித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னக் கடிகட்டை செய்து கொடுப்போம். அரைமணியில் சரியாகிவிடும். சரியாவதற்குள் தோசைக்கு உட்காராதீர்கள், மெல்ல வராமல் எரிச்சல்தான் மிஞ்சும்.

வருடக்கணக்கில் நடப்பது வேறு. இதைச் சொல்லாமல் பிளேட் கொடுப்பது தப்பு. தாடையைப் பின்னுக்கு இழுக்கிற தசையின் விசை முழுக்கப் பற்களில்தான் விழுகிறது. அதனால் மேல் முன்பற்கள் மெல்ல உள்பக்கமும் கீழ் முன்பற்கள் வெளிப்பக்கமும் சாயும். பல வருடத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கடி மாறிவிடலாம். எத்துப்பல் உள்ளவருக்கு அது அழகாகக்கூடப் போகலாம், ஏற்கெனவே பல்லுக்குப் பல் முட்டுகிறவருக்குக் கஷ்டம். மூச்சா, கடியா என்று வரும்போது நான் மூச்சின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் முடிவு நோயாளியுடையது, பிளேட் போடும் முன்னமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு ஆகாது? பல்லே இல்லாதவருக்குப் பிளேட் எதைப் பிடித்து நிற்கும்? ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்துப் பல்லாவது உறுதியாக இருக்க வேண்டும். ஈறு நோயில் ஆடுகிற பல்லைப் பிடித்து இழுத்தால் பல் கையோடு வந்துவிடும். மூட்டு நோய் உள்ளவர், தாடை முன்னே வரவே வராதவர் ஆகியோருக்கும் சரிவராது. தொண்டை திறந்திருந்தும் மூளையே "மூச்சு விடு" என்ற கட்டளையை அனுப்பாத இன்னொரு வகை ஆப்னியா இருக்கிறது. அதற்குத் தாடையை இழுத்துப் புண்ணியமில்லை. நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வருடக்கணக்கில் பாக்கும் குட்காவும் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அச்சு எடுக்கிற டிரேயே உள்ளே நுழையாது. இவர்களுக்குக் குறட்டையை விட்டுவிட்டு முதலில் அந்த இறுக்கத்தைப் பார்க்க வேண்டும், அது புற்றுக்கு முந்திய நிலை. பல் இல்லாதவர்களுக்கு நாக்கின் நுனியை உறிஞ்சிப் பிடித்து முன்னே நிறுத்தும் மெத்தென்ற கூடு ஒன்று இருக்கிறது. சார்லஸ் சாமெல்சன் என்ற மனநல மருத்துவரும் ரோசலின்ட் கார்ட்ரைட் என்ற தூக்க ஆய்வாளரும் 1982இல் அதைப் பற்றி எழுதினார்கள். வேலை செய்கிறது, ஆனால் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தூங்கச் சம்மதிப்பவர்கள் குறைவு.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறதே, வெந்நீரில் போட்டுக் கடித்தால் பல்லுக்கு ஏற்றபடி உருவாகிறதாமே என்று கேட்கிறீர்கள். சரியாகப் பிடிக்காது, ராத்திரியில் கழன்று விழும், தாடையை எவ்வளவு முன்னே வைக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. ஆராய்ந்து பார்த்தவர்களும் அளவெடுத்துச் செய்ததைவிட இது மட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அதைவிட மோசம், அது சிலருக்குச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடும்.

சத்தம் நிற்பதில் என்ன மோசம் என்கிறீர்களா? இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். தொண்டையின் ஒரு பகுதி இறுகியதும் அதிர்வு அடங்கி, வீடே நிம்மதியாகத் தூங்கத் தொடங்கும். உள்ளே, இன்னும் கீழே, வழி அடைத்துக்கொண்டே இருக்கலாம். முன்பு மனைவியாவது பயந்து எழுப்பினார். இப்போது அவரும் தூங்குகிறார். பிளேட் போட்டவர்களில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கினருக்கு எண் ஐந்துக்குக் கீழே வந்துவிடுகிறது. இன்னொரு பங்கினருக்குப் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தாலும் ஐந்துக்குக் கீழே இறங்குவதில்லை. மீதிப் பேருக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. யார் எந்தப் பங்கில் விழுவார் என்று வாயைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. பெண்களுக்கும், இளவயதினருக்கும், எடை குறைந்தவர்களுக்கும், மல்லாந்து படுத்தால் மட்டும் அடைப்பவர்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதோடு சரி. ஆகவே திருகித் திருகி ஒரு நிலைக்கு வந்த பிறகு, பிளேட்டை வாயில் போட்டுக்கொண்டே இன்னொரு தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். முதல் பரிசோதனைக்குச் சம்மதித்தவர்கள்கூட இரண்டாவதற்கு வருவதில்லை. "அதான் குறட்டை நின்னு போச்சே சார், எதுக்கு இன்னொரு செலவு?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, இரண்டாவது பரிசோதனைக்குச் சம்மதிக்காவிட்டால் அளவே எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

லாரிக்காரருக்கு இரண்டாவதில் எண் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதுவரை ஸ்டியரிங் பிடிக்காதீர்கள் என்று தூக்க டாக்டர் சொல்லியிருந்தார். முதலாளி ஷெட்டில் வேலை கொடுத்து வைத்திருந்தார், எல்லாருக்கும் அப்படி முதலாளி வாய்க்காது. இப்போது பிளேட் டப்பாவைச் சட்டைப் பையில் லைசென்ஸோடு வைத்துக்கொண்டு போகிறார்.

குழந்தைகள் விஷயம் தனி. குறட்டை விடுகிற, வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு முதலில் ஈ.என்.டி. டாக்டர் டான்சிலையும் அடினாய்டையும் பார்க்கட்டும். அண்ணம் குறுகியிருந்தால் அதை அகலமாக்கும் கிளிப்பை நாங்கள் போடலாம். வளர்கிற எலும்பு என்பதால் நடு இணைப்பு விரிந்து கொடுக்கும், மூக்கு வழியும் கூடவே அகலும். பெரியவர்களில் எதற்கும் மசியாதவர்களுக்கு முகத்தாடை அறுவை மருத்துவர்கள் இரண்டு தாடைகளையும் அறுத்துப் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு நிரந்தரமாக முன்னே நகர்த்திப் பொருத்துகிறார்கள். பெரிய ஆபரேஷன், முகமே மாறும், ஆனால் பலன் வலுவானது.

எடை குறைத்தால் எண் இறங்கும், அதைப் பல் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. டிர்ஸெபடைடு என்ற எடை குறைக்கும் ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் உடல் பருமனோடு ஆப்னியாவும் உள்ளவர்களுக்கென்றே அனுமதித்தது. ராத்திரி குடியும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீளக் குழலை நாலு மாதம் ஊதிப் பழகியவர்களுக்கு ஆப்னியா குறைந்ததாகச் சுவிட்சர்லாந்தில் 2006இல் ஓர் ஆய்வு வந்தது. 25 பேரை வைத்துச் செய்தது. அதற்கு 2017இல் கேலி நோபல் பரிசும் கிடைத்தது, அதுவும் சமாதானப் பிரிவில். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சமாதானம் கிடைத்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாயனக்காரர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பிளேட் வாங்கியாயிற்று என்றால் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். காலையில் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில், மெத்தென்ற பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பற்பசை வேண்டாம், கீறல் விழும். வெந்நீர் கூடவே கூடாது, வளைந்துபோகும். டிஷ்யூவில் சுற்றி மேஜையில் வைத்தால் வீட்டில் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள், நாய் இருந்தால் அது கடித்துவிடும், அதனால் டப்பாவை விட்டு வெளியே வைக்காதீர்கள். சொத்தைக்கு அடைத்தாலோ புதுத் தொப்பி போட்டாலோ பிளேட் உட்காராது. அந்த வேலைகளையெல்லாம் அளவெடுக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஆறு மாதத்திலும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் வாருங்கள். முதல் நாள் எடுத்த அச்சை லேபிலிருந்து வாங்கி வைத்திருப்பேன், உங்கள் கடியை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.